ராஜமேரி பிழிந்த சாறு

ராஜமேரி முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்த பாட்டிலைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிக்கேலம்மாள் பார்த்துவிட்டாள். மாரண்டஹள்ளியில் பஸ் ஏறியதிலிருந்தே அவளுக்கு அதன் மேல்தான் கண்.

“செவப்பா இருக்குதே, கோயில் திராட்சை ரசமா புள்ள? சாமியார் குடுத்தாரா?”

ராஜமேரி ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள். அது கட்டின புருஷனின் மூத்திரம் என்று நாலு பேர் நடுவில் எப்படிச் சொல்வாள்?

முன் சீட்டில் ஞானராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். விடியற்காலையில் ஓட்டப் பயிற்சி முடித்து வந்தவன் கொல்லைப்பக்கம் போனான், போன வேகத்தில் முகம் வெளுத்துத் திரும்பினான். ராஜமேரி போய்ப் பார்த்தாள். மண்ணெல்லாம் சிவப்பு. அடுத்த தடவை போனதைப் பாட்டிலில் பிடித்துத் தரச் சொல்லி, அவனைப் பஸ்ஸுக்குக் கிளப்பினாள்.

அவன் அப்பா சவரிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கிட்னி போய்விட்டது என்றார்கள். அடுத்த ஈஸ்டருக்கு மனுஷன் இல்லை.

அதுவும் இது வர வேண்டிய நேரமா? அடுத்த வாரம் தர்மபுரியில் போலீஸ் செலக்‌ஷன். எண்பத்தாறாம் வருஷத்தை விட்டால் ஞானராஜுக்கு வயசு தாண்டிவிடும். ஓட்டத்தில் மட்டும் தேறிவிட்டால், மண்டியில் மூட்டை தூக்கும் பிழைப்பு அதோடு ஒழியும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசாத நாளில்லை.

எதிர்வீட்டு மாதுவும் அதே செலக்‌ஷனுக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தான். இருவரும் சேர்ந்துதான் இருட்டோடு ஏரிக்கரைக்கு ஓடப் போவார்கள். பெங்களூர் குஸ்திக்காரர்கள் தம் நிற்பதற்கு பீட்ரூட் சாறுதான் குடிக்கிறார்கள் என்று காய்கறி லாரி டிரைவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, ராஜமேரி தினமும் ஆட்டுக்கல்லில் ஆட்டித் துணியில் பிழிந்து ஒரு சொம்பு கொடுத்தனுப்புவாள். சுற்று வட்டாரமெல்லாம் விளைகிற காய்தான், ஆனால் விளைந்ததெல்லாம் லாரி ஏறுமே தவிர அந்தத் தெருவில் யார் வீட்டிலும் அதைச் சமைத்ததில்லை. ஞானராஜ் மண் வாடை அடிக்கிறது என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே வாங்கிப் போவான். சொம்பு காலியாகத் திரும்பி வரும்போது அவளுக்கு மனசு நிறைந்துவிடும்.

மாதுவுக்கு இப்படியெல்லாம் பார்த்துச் செய்ய ஆள் இல்லை. நேற்று ஓடிவிட்டு வந்தவனின் பல்லெல்லாம் சிவந்திருந்ததைப் பார்த்து, போலீசுக்குப் போகிறவன் காலங்காத்தாலே வெற்றிலை போடுவானா என்று ராஜமேரி கிண்டல் செய்தாள். அவன் இளித்துக்கொண்டே நழுவிவிட்டான்.

யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே ஞானராஜுக்கு மூச்சு இளைத்தது. எப்போதும் பின்னால் வருகிற மாது இப்போது அவனை முந்திக்கொண்டு வந்தான். அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டாமா என்று ராஜமேரி பஸ்ஸில் தன்னையே நொந்துகொண்டாள்.

பாலக்கோட்டில் டாக்டர் வீட்டு வாசல் வரைக்கும்தான் ஞானராஜ் வந்தான். அப்பாவுக்குச் சொன்ன வார்த்தையைத் தனக்கும் சொல்லிவிட்டால் தாங்காது, நீயே போய்க் கேட்டுக்கொண்டு வா என்று வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவள் எவ்வளவோ கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை.

டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காய்ச்சல் உண்டா, இடுப்பு வலி உண்டா என்று கேட்டார். தனக்குத் தெரிந்து இல்லை என்றாள் ராஜமேரி. பாட்டிலைத் திரும்ப வாங்க அவள் நீட்டிய கையையே அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கை ஏம்மா இப்படிச் செவந்திருக்கு?”

“பீட்ரூட்டுங்க. போலீஸ் ஓட்டத்துக்குத் தம் நிக்கணும்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெனமும் சாறு புழிஞ்சு குடுக்கறேங்க.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “இது ரத்தம் இல்லம்மா, சாயம். பீட்ரூட் சாப்பிட்டா சில பேருக்கு இப்படித்தான் போகும். சாறை நிறுத்தினா தானா நின்னுடும். தைரியமா ஓடச் சொல்லு.”

ராஜமேரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாதாவே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வாசலில் விட்ட செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வேப்பமரத்துக்கு ஓடினாள்.

ரத்தமே இல்லையாம், வெறும் பீட்ரூட் சாயமாம், இதற்குப் போய் ஒரு பாட்டம் அழுது தொலைத்தோமே என்று மூச்சு விடாமல் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. செலக்‌ஷன் முடிகிற வரைக்கும் இனிமேல் சாறு கிடையாது, கஞ்சிதான் என்றாள்.

ஞானராஜ் சிரிக்கவில்லை. பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தான்.

“ஏங்க, அதான் ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாருங்களே?” அவள் அவன் கையைப் பிடித்தாள். அது ஜில்லென்றிருந்தது.

“அந்தச் சாறு பூராவும் மாதுதான் குடிச்சான், மேரி. நான் ஒரு வாய்கூடக் குடிச்சதில்ல.”