ஒருத்தி ஒப்பவில்லை

“அவன் கை வச்ச கயித்த நாங்க தொட மாட்டோம்” என்றான் இருசப்பன். அந்த வலைக் கூட்டுக்கு அவன்தான் தலைவன்.

எழுபத்து மூன்றாம் வருஷத்துத் தை மாதம். திருவிடந்தைக் கரையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய வலை படகில் அடுக்கியபடியே கிடந்தது. கொஞ்ச தூரத்தில் கடல் கறுத்துத் தெரிந்தது. நல்ல மீன் கூட்டம். ஆனாலும் யாரும் படகைத் தள்ளவில்லை.

வலையில் பங்குள்ள வீட்டுக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக, மணலில் உட்கார்ந்திருந்தார்கள். துரை மட்டும் தள்ளிப்போய்த் தலைகுனிந்து நின்றான். வாலிப வயது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

கேளம்பாக்கத்திலிருந்து மீன் வாங்க வந்திருந்த ஜெயினுலாபுதீனுக்கு இந்தக் கரை புதிது. கொண்டுவந்த ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. ஏலம் விடுகிற பக்தவச்சலத்திடம் மெதுவாகக் கேட்டார்.

“என்ன தகராறு?”

“ஐப்பசியில இந்தத் துரையும் காத்தவராயனும் ஒரே கட்டுமரத்துல போனாங்க பாய். அலை பொரட்டிப் போட்டுச்சு. இவன் மட்டும்தான் திரும்பி வந்தான். காத்தவராயன் கைய இவன்தான் புடிச்சினு கெடந்தானாம். ‘என்னால முடியல, நான்தான் கைய வுட்டுட்டேன்’னு இவனே ஊருல சொல்லிட்டான்.”

“அதுக்கு?”

“கூட்டை வுட்டுத் தள்ளப் போறாங்க. அப்புறம் இவன எவனும் மரத்துல ஏத்த மாட்டான். ஊரை வுட்டே போக வேண்டியதுதான்.”

“தள்ளிட்டு வலைய இறக்குங்களேன். மீன் நிக்குமா?”

“மத்தவங்க அத்தினி பேரும் ஒத்துக்கணும் பாய். அது இங்கத்திக் கட்டுப்பாடு. எல்லாரும் சரின்னுட்டாங்க. அதோ, அந்த ஆதியம்மா ஒண்ணுதான் ஒப்ப மாட்டேங்குது.”

ஜெயினுலாபுதீன் பார்த்தார். ஐம்பதைத் தொடுகிற வயது. முழங்காலைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணி, மீன் போய்கினு கீது” என்றான் இருசப்பன். “இத்தினி பேரும் ஒரே வார்த்த சொல்றோம். நீ ஒருத்தி குறுக்க நிக்கிற. உன் மனசு நோவக் கூடாதுன்னுதான் யாரும் குரல் ஒசத்தாம கீறோம்.”

“எனுக்கு ஒப்பல” என்றாள் ஆதியம்மாள்.

பெற்ற மனம், பிள்ளைக்காக ஊரையே எதிர்த்து நிற்கிறது என்று ஜெயினுலாபுதீன் நினைத்துக்கொண்டார். அவருக்குப் பாவமாக இருந்தது.

“கைய வுட்டது அவன்தான? இல்லன்றியா?” என்று கேட்டாள், எதிரே உட்கார்ந்திருந்த பங்குக்காரி செங்கம்மாள்.

“இல்லன்னு சொல்லல. வுட்டான்.”

“அப்புறம் இன்னா?”

“வுட்டான்னு உனுக்கு யாரு சொன்னது?”

“அவன்தான் சொன்னான்.”

“ம். வேற யாரும் பாக்கல. ‘அலை அடிச்சினு போச்சு, எனுக்குத் தெரியாது’ன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தான்னா, இன்னிக்கு நீங்களே தோள்ல கை போட்டு வலைக்குக் கூட்டியாந்திருப்பீங்க. நெசத்த சொன்னான். அதுக்குத்தான் தள்றீங்க.”

யாரோ இருமினார்கள். கறுத்த நீர் மெல்ல வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

“அப்ப போன உசுருக்கு ஞாயம் வாணாவா?” என்றான் இருசப்பன்.

ஆதியம்மாள் அதே தணிந்த குரலில் சொன்னாள்.

“வேணும். நாளைக்கு இன்னொரு மரம் கவுறும். திரும்பி வர்றவன் இன்னா ஆச்சுன்னு வாயத் தொறந்து சொல்லணும். இவன நீங்க தள்ளிட்டா இனிமே எவனும் சொல்ல மாட்டான். போனவன் வருவானா, மாட்டானா, எந்தக் கரையில கீறானோன்னு வூட்டுல கீறவங்க சாவுற வரிக்கும் கடலப் பாத்துகினே நிக்கணும். எனுக்கு ஒப்பல.”

செங்கம்மாள்தான் முதலில் எழுந்தாள். புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, நேராக வந்து ஆதியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எனுக்கும் ஒப்பல” என்றாள்.

“இன்னாடி நீயும்?” என்று அவள் புருஷன் ஆரம்பித்தான். ஆனால் முடிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி, “ஆதியம்மா சொல்றதும் சரிதான்” என்றான். கொஞ்சம் முன்னால் கல்லாக இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக இளகுவதை ஜெயினுலாபுதீன் கண்ணெதிரே பார்த்தார். ஒரு சத்தம் இல்லை, ஒரு சாபம் இல்லை. ஒருத்தி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் ஒரு கரையையே திருப்பிவிட்டாள்.

இருசப்பன் துண்டை உதறித் தலையில் கட்டினான்.

“படகத் தள்ளுங்க” என்றான்.

வலை இறங்கியது. கரையில் எல்லாரும் கயிற்றைப் பிடித்தார்கள். துரை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். ஆதியம்மாள் அவனிடம் போய், மணிக்கட்டைப் பிடித்து அழைத்துவந்து, அவன் கையைக் கயிற்றின் மேல் வைத்தாள். அவனுக்குப் பின்னால் தானும் பிடித்துக்கொண்டாள். துரையின் தோள்கள் குலுங்கின. அவள் கயிற்றை இழுத்தாள்.

ஜெயினுலாபுதீன் ஐஸை மறந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

“துரை கொடுத்துவச்சவன்” என்றார். “இப்படி ஒரு தாய் யாருக்குக் கிடைக்கும்?”

பக்தவச்சலம் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“துரைக்கு அம்மா இல்ல பாய், சின்ன வயசுலயே போய்ட்டா” என்றார். “அது காத்தவராயனப் பெத்தவ.”