டெய்ஸியின் நிறம்

"வர்றவர்கிட்ட என் பேரைச் சொல்லுங்க சார். ஃபோன்ல பேசினது செங்கம்மாள்னு சொல்லுங்க."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டேன்.

மேனேஜர் வரதன் சிரித்தார். "இன்னா செங்கம்மா, வாய் மட்டும் வெள்ளைக்காரியா இருந்தா போதுமா? கண்ணாடில மூஞ்சப் பாத்துக்கினியா? போம்மா, பேஜாரு பண்ணாத."

பழவேற்காட்டில் வலை இழுக்கும் வீடு எங்களுடையது. முதல் பி.ஏ. நான்தான். ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவள் பெரம்பூர் ஆங்கிலோ-இந்தியப் பெண். அவள் வாயைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷைப் பிடித்தேன்.

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் ஃபோனை எடுத்த முதல் நாளே எனக்கு மிஸ் டெய்ஸி என்று பெயர் வைத்தார்கள்.

பொய் சொல்வானேன், பிடித்திருந்தது. ரிசீவரைக் காதில் வைத்தால் என் தோலே வெளுத்துவிடும்.

பம்பாயிலிருந்து இன்ஜினியர் கிளார்க் டிரங்க் காலில் பேசுவார். லண்டன் கம்பெனி. அந்தக் கனத்த குரலுக்கு நீலக் கண்ணும் சிவந்த மூக்கும் நானே வைத்துக்கொண்டேன்.

இன்று அவர் வருகிறார். மிஷினைப் பார்க்க, டெய்ஸியையும் பார்க்க.

வாசலில் கணக்குப் பிரிவு குணசுந்தரிக்குக் கவுன் மாட்டி டெய்ஸியாக நிறுத்தியிருந்தார்கள். அவள் எலுமிச்சை நிறம். இங்கிலீஷ் குட்மார்னிங்குக்கு மேல் வராது.

"அக்கா, அவர் ஏதாவது கேட்டா என்னக்கா சொல்றது?" என்றாள்.

கார் வந்தது. நான் ஃபோன் அறை ஜன்னலில்.

முன்சீட்டிலிருந்து செக்கச் செவேலென்று ஒருத்தன் இறங்கினான். வரதன் ஓடிப்போய் அவன் கழுத்தில் மாலையைப் போட்டார். கையில் பெட்டியோடு அவன் திருதிருவென்று விழித்தான்.

பின்கதவு திறந்து இன்னொருவர் இறங்கினார். கம்பிச் சுருளாய் முடி. எங்கள் அப்பாவைவிடக் கறுப்பு.

வரதன் அவரிடம் இன்னொரு பெட்டியைக் காட்டி, உள்ளே கொண்டுபோய் வை என்று கையசைத்தார்.

அவர் பெட்டியைத் தொடவில்லை. மிஸ் டெய்ஸி எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார்.

அதே குரல்!

எனக்கு வந்தது சிரிப்பா, கோபமா, தெரியவில்லை. அவரும் என் குரலுக்கு வெள்ளை பூசித்தானே வைத்திருப்பார்?

வரதன் குணசுந்தரியை முன்னால் தள்ளினார். அவள் குட்மார்னிங் என்று சொல்லிவிட்டு என் ஜன்னலைப் பார்த்தாள்.

நான் கதவைத் திறந்தேன். உள்ளே போ என்று வரதன் கண்ணாலேயே உறுமினார்.

டெய்ஸியாக இனி அந்த ஃபோன் நாற்காலியில் உட்காருவதில்லை என்று காலை ரயிலிலேயே முடிவு கட்டியிருந்தது அவருக்குத் தெரியாது.

கிளார்க்கை நோக்கி வெயிலில் இறங்கினேன்.