சீனியர் தேவை

“இன்டர்வியூ அன்னைக்குப் பாத்தா லீவு?” லீவு சீட்டை நீட்டியவரை மேலாளர் முறைத்தார்.

“மதியத்துக்கு மேல அரை நாள்தான் சார். சொந்த வேலை” என்றார் அந்தம்மா. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘ஜூனியர்’.

இது கோபத்தில் போடுகிற லீவு என்று மேலாளருக்குப் புரியாமல் இல்லை. போன மாதம் சம்பள உயர்வு கேட்டு வந்தவரிடம், “உங்க பதவி இளநிலை உதவியாளர். அதுக்கு இதுக்கு மேல ஒரு பைசா ஏத்த முடியாது. ரூல் அப்படி, நான் என்னம்மா பண்றது?” என்று கையை விரித்திருந்தார். அந்த மருந்துக் கிடங்கில் ஒன்பது வருடமாக அவர் ஜூனியர். காதோரம் நரைத்து, மகள் கல்லூரிக்குப் போன பிறகும் ஜூனியர்தான்.

போய்த் தொலையட்டும் என்று கையெழுத்துப் போட்டார். சீனியர் ஒருவர் வந்துவிட்டால் இந்த முணுமுணுப்புக்கெல்லாம் முடிவு வந்துவிடும். தலைமை அலுவலகம் வேறு, இன்றைக்கே ஆளை எடுத்தாக வேண்டும் என்று கழுத்தைப் பிடித்தது.

விளம்பரத்துக்கு வேண்டிய தகுதிகளை எழுதிக் கொடுத்தது ஜூனியர். வந்த விண்ணப்பங்களை அடுக்கி வைத்ததும் ஜூனியர். மேலாளர் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. ஆட்கள்தான் நேரில் வரப்போகிறார்களே!

முதல் ஆள் கழுத்து இறுக டை கட்டி வந்தார்.

“குளிரறை மெஷின் நின்னுபோச்சு. மொதல்ல என்ன பண்ணுவீங்க?”

“மேலாளருக்குப் போன் பண்ணுவேன் சார்.”

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். போன கோடையில் மெஷின் நின்றபோது அவருக்குத்தான் போன் வந்தது. அவர் பதறியடித்துக்கொண்டு ஜூனியருக்குப் போன் போட்டார்.

அடுத்தவரிடம், காலாவதியாகப் போகும் மருந்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்.

“கம்ப்யூட்டர் சொல்லும் சார்.”

“அது தப்பாச் சொன்னா?”

“சொல்லாது சார்.”

மூன்றாமவர், குளிரறைக்குள் போகவேண்டியிருக்கும் என்றதும், தனக்குச் சைனஸ் என்று கும்பிட்டுவிட்டு எழுந்துகொண்டார். அதற்குப் பின் வந்த இருவரும் அவர்களைவிட மோசம்.

சாப்பிட்டு வந்து மணியை அடித்தார் மேலாளர். யாரும் வரவில்லை. தானே எழுந்து கதவைத் திறந்தார். வராந்தாவில் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, ஒன்றில் மட்டும் ஜூனியர், மடியில் ஒரு கோப்புடன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“அப்பாடா, இன்னும் கிளம்பலையா?” மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஒருத்தரும் தேறலைம்மா. நீங்க பாக்குற வேலையில கால்வாசி தெரிஞ்ச ஆள்கூட இல்ல. இன்னும் ஒரே ஒருத்தர்தான் பாக்கி. அவருக்குப் பாதி தெரிஞ்சிருந்தாலும் போதும், கேக்குற சம்பளத்தைக் குடுத்துக் கண்ணை மூடிட்டு எடுத்துக்குவேன். உள்ள அனுப்புங்க.”

தலையாட்டிவிட்டு ஜூனியர் எழுந்தார். நேராக உள்ளே போய், கோப்பை மேசைமேல் வைத்து, எதிர் நாற்காலியில் அமர்ந்தார்.

“வணக்கம் சார். கேளுங்க.”