ஒன்பதாம் வீட்டின் கையெழுத்து

மார்ச் பதினான்காம் நாள், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் குடியிருப்போர் சங்கம் கூடியது. ஒன்பதாம் வீட்டுப் பெண்ணைக் கொன்றதாகக் கைதானவனின் வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. ஆயினும் அவன் தாயை நான்காம் வீட்டிலிருந்து வெளியேற்றும் தீர்மானத்தை, செயலாளரான நான் எழுதிச் சுற்றுக்கு விட்டேன்.

“இப்படி ஒருத்தனைப் பெத்துட்டு எந்த மூஞ்சியோட இங்க உக்காந்திருக்கீங்க?” என்றார் மாடிவீட்டுத் தையற்காரர்.

“இந்த வயசுல நான் எங்க போவேன்க்கா?” என்று அந்தத் தாய் என்னைக் கேட்டாள்.

தாள் திரும்பி வந்தது. எல்லாரும் சம்மதித்திருந்தனர். பூட்டிக் கிடக்கும் ஒன்பதாம் வீட்டின் எண்ணுக்கு நேரே மட்டும், “அவங்க இருக்கட்டும்” என்ற வரியும் கொல்லப்பட்டவளின் கையெழுத்தும் இருந்தன. மை காயவில்லை. அவள் ஒருபோதும் தேதி இடமாட்டாள், பலமுறை கண்டித்திருக்கிறேன். இம்முறை இட்டிருந்தாள்: மார்ச் பதினான்கு.

“செத்தவங்களுக்கு ஏதுங்க ஓட்டு?” என்றார் தையற்காரர்.

அவ்வரியைக் கோடிட்டு அடித்தேன். தாய் மாத இறுதிக்குள் வெளியேற வேண்டுமென ஒருமனதாக முடிவாயிற்று.