கசியும் வால்வு

“கடைய வித்துட்டு ஓடிடு கிழவி! இல்லன்னா ஒரு கண்ணாடி மிஞ்சாது!”

எலிக்குஞ்சு கீச்சிடுவது போன்ற குரல். பெர்னிஸ் தொலைபேசியை அறைந்து வைத்தாள். டுலூத் நகரில் முப்பது ஆண்டுகளாகப் பலூன் கடை நடத்தும் அவளை மிரட்டி, அந்த வாரத்தில் வந்த நான்காவது அழைப்பு அது.

அத்தகைய சன்னக் குரல் அத்தெருவில் ஒருத்திக்கே உண்டு. எதிரில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ட்ரூடி, இந்த இடத்தை விலைக்குக் கேட்டு இருமுறை மூக்குடைபட்டவள்.

ஐந்து நிமிடம் கழித்துப் பின்னறையிலிருந்து தம்பி ஆர்லன் வந்தான். தேவாலயப் பாடற்குழுவிலேயே மிகக் கட்டையான குரல் அவனுடையது.

“மறுபடியும் போனா? வித்துத் தொலைச்சிடலாம்க்கா. பத்திரத்துல நான் கையெழுத்துப் போட்டாச்சு, நீதான் பாக்கி. பலூனுக்கு அடிக்கிற ஹீலியம் சிலிண்டர் வேற தீரப்போகுது.”

“இந்த வாரம் எட்டு பலூன்தானேடா போச்சு?”

“வால்வு கசியுது” என்று முணுமுணுத்து மீண்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அப்பா தொடங்கிய கடை. தன் உயிர் உள்ளவரை கையெழுத்திட மாட்டாள் பெர்னிஸ். வாசற்கதவைத் திறந்து, பனி கொட்டும் தெரு முழுவதும் கேட்கக் கத்தினாள்.

“ஏய் ட்ரூடி! போன்ல குலைக்கிறத என் மூஞ்சிக்கு நேரா வந்து குலைடி!”

மாவு படிந்த கைகளுடன் ட்ரூடி பாய்ந்து வந்தாள். “யாரைடி நாய்ங்கிற? உன் ஓட்டைக் கடைய ஓசியில குடுத்தாலும் எனக்கு வேண்டாம்!”

“உன் கீச்சுக்குரல் எனக்குத் தெரியாதா?”

“கடவுள் குடுத்த குரல். அதுக்கு உங்கிட்ட அனுமதி வாங்கணுமா?”

தொலைபேசி மணி அடித்தது. ட்ரூடியை முறைத்தபடியே பெர்னிஸ் அதை எடுத்தாள்.

“நாளைக்குள்ள கையெழுத்துப் போடு கிழவி!”

ட்ரூடியின் உதடுகள் அசையவே இல்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

“கேட்டியா? நான் உன் எதிர்லதானே நிக்கிறேன்!” என்று கொக்கரித்த ட்ரூடி, சாட்சிக்கு ஆள் வேண்டிப் பின்னறைக் கதவை வெடுக்கென்று இழுத்துத் திறந்தாள். “ஆர்லன்! இப்ப போன் பண்ணினது நான் இல்லைன்னு உங்கக்காகிட்ட சொல்லு!”

பாதி சுருங்கிய ஹீலியம் பலூனை உதட்டருகே பிடித்தபடி நின்றிருந்த ஆர்லன் திடுக்கிட்டு வாயைத் திறந்தான். கட்டைக் குரலுக்குப் பதில் எலிக்குஞ்சு கீச்சிட்டது.

“எந்த போன்?”