சிவப்புக் குமிழ்

ஜிம்முக்குள் நின்ற இடத்திலேயே சுற்றும் சைக்கிள், வாசலில் சாய்த்து வைத்திருந்த மலைச் சைக்கிளிடம் பீற்றிக்கொண்டது. "உன் ஓனர் கபிலனை மூணு மாசமா நான்தான் தேத்திவிட்டிருக்கேன். தினமும் நாப்பது கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை மலையில பாரு."

திங்கட்கிழமை மலைச் சைக்கிள் முன்சக்கரம் நெளிந்து, கபிலனின் நண்பனுடைய காரில் ஜிம் வாசலில் வந்து இறங்கியது. கபிலன் கையில் மாவுக்கட்டு.

"ஏற முடியலையா?" என்று கேட்டது ஜிம் சைக்கிள்.

"ஏத்தத்துல புலிதான். இறக்கத்துல வேகம் எடுத்ததும் பிரேக்கைப் பிடிக்கல. உன்கிட்ட ஒரு சிவப்புக் குமிழ் இருக்கே, அழுத்தினா சக்கரம் நிக்குமே, அதை என்கிட்ட தேடினான். பாறைதான் கெடச்சுது."

ஜிம் சைக்கிள் கொஞ்சமும் அசரவில்லை. "குமிழே இல்லாத உன்னை நம்பிப் போனது அவன் தப்பு. இத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கேன், நான் ஒரு நாளாவது விழுந்திருக்கேனா?"