ஓடும்போது சொல்லும் மந்திரம்

சவூதியின் ஜுபைல் நகர அமெரிக்கன் ஃபுட்பால் அணி, ஆரம்பித்த நாளிலிருந்து ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. எலும்பு முறிந்த இன்ஜினீயர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கோச் வால்ட்டர் லேபர் கேம்ப் வரைக்கும் ஆள் தேடி வந்தார். ஃபோர்மேன் ஜெயசீலன் கைகாட்டிய ஆள்தான் அன்பரசன்.

ஜெயித்தால் ஜெயசீலனுக்கு லீவ் வாங்கித் தருவதாக கோச் வாக்குக் கொடுத்திருந்தார். ஊரில், அவன் இன்னும் முகம்கூடப் பார்க்காத மகளுக்குக் காதுகுத்து.

"ஓடும்போது இவன் என்ன முணுமுணுக்கிறான்?" என்று கேட்டார் கோச்.

"மந்திரம் சார். எங்க ஊர் வழக்கம்" என்று சமாளித்தான் ஜெயசீலன்.

தம்மாம் அணியுடன் ஆட்டம். கடைசி நிமிடம். பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் வெற்றி.

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாய்ந்தான் அன்பரசன். பிடிக்க வந்தவர்கள் மண்ணைக் கவ்வினார்கள். கோட்டுக்கு முன்னால் மிச்சமிருந்த மூன்று தடியர்களையும் முதுகில் தட்டிவிட்டு நழுவினான். இனி தடுக்க ஆளே இல்லை.

சட்டென்று திரும்பினான். வந்த வழியே ஓடிவந்து, தன் அணியின் பக்கம் தொப்பென்று விழுந்தான். விசில் ஊதிவிட்டார்கள்.

கோச் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டு மிதித்தார்.

"அடப்பாவி! கோட்டைத் தாண்டாம ஏன்டா திரும்பி வந்தே?" என்று அலறினான் ஜெயசீலன்.

அன்பரசன் பெருமையாகச் சிரித்தான்.

"மூணு பேரைத் தொட்டுட்டு, மூச்சு விடாம நம்ம பக்கம் வந்துட்டேண்ணே. மூணு பேரும் அவுட்டு! நீங்கதானே சொன்னீங்க, 'நம்ம கபடிதான்டா, பந்து மட்டும் எக்ஸ்ட்ரா'ன்னு?"